பார்க்காமல் போட்ட கையெழுத்து

துறைமுக ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு 'வடிகட்டி' என்று பட்டப்பெயர். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பார்கள். கப்பல்களில் வரும் ரசாயனத் திரவங்கள் கடலுக்கு எவ்வளவு கெடுதல் என்று தரம் பிரித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. எக்ஸ் என்றால் கொடியது. சரக்கை இறக்கியபின் தொட்டி கழுவிய தண்ணீரைக் கரையில்தான் ஒப்படைக்க வேண்டும். ஒய் நடுத்தரம். இசட் லேசானது, கரையை விட்டு விலகிப்போய்க் கடலில் விட்டுவிடலாம்.

ஒரு நாள் வந்தது ஏற்கெனவே பழகிய கரைப்பான் கலவை. கப்பல் ஏஜென்ட் போனுக்கு மேல் போன் போட்டு உயிரை எடுத்தார். சரக்கு விவரத் தாளின் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு 'இசட்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தாளைக் கோப்பில் கட்டும்போதுதான் இரண்டாம் பக்கம் கண்ணில் பட்டது. புதிதாக ஒரு பொருள் சேர்த்திருந்தார்கள். கொஞ்சம்தான், ஆனால் மொத்தக் கலவையையும் எக்ஸ் ஆக்கிவிட அது போதும். முதல் கப்பல் எப்போதோ தொட்டி கழுவிய தண்ணீரைக் கடலில் விட்டுவிட்டுப் போய்விட்டது. அதே தாளை நம்பி இரண்டாவது கப்பல் சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் வாய் திறக்காமல், தலைவலி என்று வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். விரிகுடாவில் கயிறு கட்டிச் சிப்பி வளர்ப்பவன்.

"பாதிக்கு மேல வாய் பிளந்து செத்துக் கிடக்கு. எல்லாம் கரையோரம் கழிவு விடுற அந்தப் பெயின்ட் பட்டறைக்காரன் வேலைதான். நாளைக்கு எல்லாருமாப் போய் பூட்டுப் போடப்போறோம்."

"அது அவர் வேலையா இல்லாம இருக்கலாம் அண்ணா."

"உனக்கெப்படித் தெரியும்?"

சொல்லிவிட்டாள். அவன் கத்தவில்லை.

"தெரிஞ்சே செஞ்சியா?"

"இல்ல. பார்க்காம செஞ்சேன்."

"அதுக்குத்தானே உன்னை அங்க வச்சிருக்காங்க?" என்று எழுந்து வெளியே போனான். பூட்டுப் போடும் பேச்சு மட்டும் அன்றோடு நின்றது.

அவள் அப்படியே ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினாள். அவள் சொன்னதைக் கேட்டதும் மேலதிகாரி கதவைச் சாத்தினார்.

"யாரும் கேக்கலையேம்மா. நீங்களா ஏன் கிளப்புறீங்க?"

"இன்னொரு கப்பல் கிளம்பப்போகுது சார். அதையாவது நிறுத்துங்க."

நிறுத்தினார்கள். கழுவிய தண்ணீர் கரைக்கு வந்தது. ஆறு மாதம் கையெழுத்துப் போடும் உரிமை அவளுக்குப் போனது. விரிகுடாத் தண்ணீரைச் சோதித்தவர்கள், சிப்பி செத்தது முதல் கப்பலால்தான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நீதான் என்று யாராவது சொல்லியிருந்தால் ஒரேயடியாக அழுது தீர்த்திருப்பாள்.

ஒரு ஞாயிறு காலை அண்ணன் வாசலில் நின்றான். "கயிறு இழுக்க ஆள் வேணும். வர்றியா?"

போனாள். படகில் உட்கார்ந்து கயிற்றில் ஒட்டியிருந்த செத்த சிப்பிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டினாள். ஓடு கீறி விரல்களில் ரத்தம் வந்தது. அவன் பார்த்தான், போதும் என்று சொல்லவில்லை. அடுத்த கயிற்றை எடுத்து அவள் பக்கம் போட்டான்.