வெற்றிலை வைக்காத வீடு

...இல்லை, வருவார்கள், வெயில் தாழட்டும் என்று இருப்பார்கள், பெண்கள் சமைத்து, பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, குளித்து, சீலை மாற்றி வரவேண்டாமா, ஆனால் வாவிக்கரைத் தெருப் பெண்கள் மட்டும் சமைக்கவில்லையா, குளிக்கவில்லையா, அவர்கள் எல்லாரும் காலையிலேயே வந்து வாக்குப் போட்டுவிட்டுப் போய்விட்டார்களே, பின்னே ஏன் சீதேவிப்பிள்ளையின் தெருவிலிருந்து மட்டும் ஒரு குடையும் தெரியவில்லை? சீதேவிப்பிள்ளையின் தெரு... பாருங்கள், மனதுக்குள்கூட ‘என் தெரு’ என்று வரவில்லை. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அங்கேதான் சாப்பாடு, அங்கேதான் படுக்கை, ஆனாலும் அது மனைவியின் தெரு, மனைவியின் வீடு. அழகரத்தினம் பள்ளிக்கூட வேலியோரம் வாகை நிழலில் நின்றார், உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். உள்ளே திரைக்குப் பின்னால் நகரசபைத் தேர்தலின் இரண்டு பெட்டிகள். பச்சை அவருடையது, மஞ்சள் எதிர்த்து நிற்கிற கனகசிங்கத்தினுடையது. உள்ளே போகிறவர் விரும்பிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வருவார், எதில் போட்டார் என்பது அவருக்கும் சுவருக்கும்தான் தெரியும். வெளியே வருகிற முகங்களை அழகரத்தினம் விடியற்காலையிலிருந்து படித்துப் படித்துக் களைத்துவிட்டார். எல்லாருமே சிரிக்கிறார்கள், பச்சைக்குப் போட்டவனும் சிரிப்பான், மஞ்சளுக்குப் போட்டவன் இன்னும் நன்றாகச் சிரிப்பான்.

எதற்கு இந்த வேலை? இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாமே... கழிவுநீர்க் கான் அடைத்துத் தெருவெல்லாம் நாறுகிறது என்று நகரசபைக்கு முறையிடப் போன அன்று, அங்கத்தவர் நாற்காலியில் சாய்ந்திருந்த கனகசிங்கம் கேட்ட கேள்விதான், நீங்க களுவாஞ்சிக்குடி ஆளல்லவா, உங்கட ஊர்க் கானை முதலில் பாருங்க என்று. சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், இவரும் கூடச் சிரித்து வைத்தார், வெளியே வந்து பாலத்தில் ஏறிய பிறகுதான் காது சுட்டது. களுவாஞ்சிக்குடியில் அவருக்கு என்ன இருக்கிறது? அம்மா வீடு தங்கச்சிக்குப் போய்விட்டது, போகத்தானே வேண்டும், பெண்பிள்ளைக்குத்தானே வீடு, அந்த வீட்டுக்குக் கிணறு வெட்டியதுகூட அவர்தான், இன்றைக்குப் போனால் விருந்தாளிக்குப் போடுகிற பாயைத்தான் விரிப்பார்கள். இங்கே சீதேவிப்பிள்ளையின் அம்மா கொடுத்த வீடு. எங்கே போனாலும் ஒரு பெண்ணின் கூரைக்குக் கீழேதான். அந்த நகரசபை நாற்காலி ஒன்றுதான்... யாரும் சீதனமாகக் கொடுக்காத நாற்காலி, இந்த ஊர் கூடி இவன் நம்மவன் என்று இருத்திவைக்கிற நாற்காலி. சிறுபிள்ளைத்தனமா இது? இருக்கட்டுமே.

பச்சைத் துணி கட்டிய மாட்டுக் கரத்தை தெருமுனையில் திரும்பியது. வெறும் கரத்தை. காத்தான்குடி முத்தலிப் மட்டும் இறங்கி வந்தான், கடைக்கு ஆணி வாங்க வந்து சிநேகிதனானவன், இங்கே வாக்கு இல்லாவிட்டாலும் மாட்டையும் வண்டியையும் கொண்டு வந்து விடியற்காலையிலிருந்து ஆட்களை ஏற்றியிறக்குகிறவன். பெண்கள் எல்லாரும் உங்கள் வீட்டு முற்றத்தில்தான் கூடியிருக்கிறார்கள் என்றான். சீதேவிப்பிள்ளை அக்கா வெளிக்கிட்டால் நாங்களும் வெளிக்கிடுவோம் என்கிறார்களாம், அக்காவோ கதிரையை விட்டு எழும்பவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

“ஊரெல்லாம் தட்டம் தூக்கினயள் அண்ணே, பொண்சாதிக்கு வெத்திலை வெச்ச நீங்களா?”

“ஆருகா சொந்த வீட்டுல வெத்திலை வைக்கிற?”

“அது ஆர்ர வீடு எண்டுதான் கேக்கன்,” என்று முத்தலிப் மாட்டைத் திருப்பினான்.

அழகரத்தினம் ஏறிக்கொள்ள, கரத்தை வீட்டை நோக்கி ஆடி ஆடிப் போயிற்று. தட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் வைத்து நீட்டுவது, வீட்டுக்காரர் ஒரு வெற்றிலையை எடுத்துவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி, எடுக்காமல் கதை பேசினால் கும்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான், இந்த வட்டாரத்தில் அவர் ஏறாத படி இல்லை, ஆனால் தன் படியில்... கனகசிங்கம் ஏறியிருக்கிறான். அதுவும் தெரியும். முந்தாநாள் சோறு போட்டுக்கொண்டே அவள் சொன்னாள், அண்ணன் தட்டத்தோட வந்திட்டுப் போனார் என்று. கனகசிங்கம் அவளுடைய பெரியம்மா மகன், ஒரே குடி, தாய்வழியில் ஒரே இரத்தம், வருவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது. தெருவிளக்கைப் பற்றி மேடையில் என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த இவர் “ம்” என்றார். அவள் கொஞ்ச நேரம் அகப்பையோடு நின்றாள். எதற்காக நின்றாள்? கேட்பார் என்றா? வெற்றிலையை எடுத்தாளா? எடுத்திருந்தால் அவளுடைய குடியே, அந்த முற்றம் முழுக்கவே மஞ்சள்... முத்தலிப் இன்னும் விரட்ட மாட்டானா மாட்டை?

முற்றத்தில் பேச்சு நின்றது. சீதேவிப்பிள்ளை தலைவாசலில் கதிரையில் இருந்தாள், நல்ல சீலை உடுத்து, தலை வாரி, போகவும் இருக்கவும் ஆயத்தமான மாதிரி. ஏசத்தான் வந்தார், நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குகிறாயா என்று கேட்கத்தான்...

“ஏன் புள்ள, இன்னும் வெளிக்கிடல்லயா?”

“வெளிக்கிட்டுத்தான் இருக்கன். நீங்க வருவீங்க எண்டு பாத்தன்.”

“கனகசிங்கத்தின்ர வெத்திலைய எடுத்தயா?”

“அத முந்தாநாள் கேட்டிருந்தா சொல்லியிருப்பன். நீங்க இன்னும் ஒண்டும் கேக்கல்லயே.”

முற்றத்தில் யாரோ ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள். அழகரத்தினம் படியில் ஏறவில்லை, கீழேயே நின்றார், வேறு வீட்டு வாசல்களில் நின்ற மாதிரியே, கைகள் தாமாகவே கூடிக்கொண்டன, அந்த வாசல்களில் எவ்வளவு இலகுவாக வந்த சொல், இங்கே அதைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. “எனக்குப் போடு புள்ள,” என்றார். அவள் அவரையே பார்த்தாள். எழுந்து, “கரத்தையைக் கிட்டக் கொண்டுவரச் சொல்லுங்க,” என்றாள், முற்றம் முழுக்க அவள் பின்னால் எழுந்தது.

பள்ளிக்கூடக் கதவு சாத்தப்போகிற நேரத்துக்குச் சற்று முன்பு அவள் உள்ளே போனாள். அழகரத்தினம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இப்போது சீட்டு அவள் கையில்... இப்போது திரைக்குப் பின்னால்... பச்சையா? அண்ணனுக்குக் கொடுத்த வாக்கா? வாக்குக் கொடுத்தாளா என்பதே தெரியாதே. இரவு எண்ணிச் சொல்வார்கள், இத்தனை பச்சை, இத்தனை மஞ்சள் என்று, வெற்றியோ தோல்வியோ ஒன்று வரும், மாலை விழலாம், நாற்காலியும் கிடைக்கலாம், ஆனால் அந்தக் குவியலில் அவளுடைய சீட்டு எதுவென்று எந்த அதிகாரியாலும் எடுத்துக் காட்ட முடியாது. நாளைக்கும் மறுநாளும் அவள் போடுகிற சோற்றைத்தான் சாப்பிடவேண்டும். கேட்கலாமா? கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள், அதனால்தான் கேட்கப் பயமாக இருக்கிறது.

அவள் வெளியே வந்தாள். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. நேராக அவரிடம் வந்து, “முகத்தத் துடைங்க, ஆக்கள் பாக்கிறாங்க,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கரத்தையில் ஏறினாள். எவ்வளவு இதமான குரல்... ஒரு பெண்சாதியின் குரல்தான், வேறென்ன? சால்வையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் நினைத்தார், தோற்கப்போகிற மனிதனிடமும் இவள் இதே குரலில்தான் பேசுவாள்.