மணிக்கட்டுக் கயிறு

மடாரென்று ஒரு சத்தம். தரை அதிர்ந்தது.

ஜெயம்மாளின் கையிலிருந்த வாளி கவிழ்ந்து, வெந்த கொள்ளு அவள் கால்மேல் கொட்டியது. சூடு உறைக்கவில்லை. லாயத்தின் ஒன்பது குதிரைகளும் ஒரே நேரத்தில் கனைத்துப் பலகைத் தடுப்பை உதைத்தன. அவளுடைய கணவன் கண்ணாயிரம் வெள்ளைக் குதிரைக்கு மாலிஷ் செய்துகொண்டு தடுப்புக்கு உள்ளே இருந்தான். குதிரைக்கும் சுவருக்கும் நடுவே அவன் நிற்க இருந்தது ஒரு முழ இடம்.

"வெளிய வாய்யா" என்றாள். 

கண்ணாயிரம் வரவில்லை. பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு, எட்டிப் பிடித்துக் குதிரையின் கண்களை உள்ளங்கையால் பொத்தினான். அதன் மூக்குத் துவாரத்தில் மெல்ல ஊதினான். குதிரையின் விலா விம்மித் தணிந்தது. அதற்குள் இரண்டாவது சத்தம், பின்னாலேயே மூன்றாவது.

ரோட்டை மறிக்க வெட்டிய புளியமரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டிருந்தன.

எண்பத்தேழாம் வருஷத்துப் புரட்டாசி அப்போதுதான் பிறந்திருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் என்று ஊர் முழுக்கப் பேச்சு. மறிக்கப் போனவர்கள் வேற்றூர்க்காரர்கள் இல்லை. நேற்றுவரை கரும்பு வெட்டப் போனவர்கள். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள். ஆனால் போலீஸ் லாரிகளும் வந்துவிட்டன என்றார்கள். எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொழுது விடியும் முன்பே சாணம் அள்ளி, புல்லறுத்துப் போட்டு, குளம்பு குடைந்து முதுகு ஒடிகிறவர்களுக்கு அன்று வேலையே ஓடவில்லை. மூத்திர நெடியில் எரிகிற கண்ணைத் துடைத்துத் துடைத்து ரோட்டையே பார்த்தார்கள்.

தியாகதுருகத்துக்கு வெளியே இருந்த அந்த லாயம் நாராயணசாமிக்குச் சொந்தம். அங்கேயே குட்டி போட வைத்து, வளர்த்து, ஆட்டம் பழக்கி, திருவிழாவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் குதிரை விற்கிறவர். பழக்குகிற வேலை கண்ணாயிரத்துக்கும் ராசுவுக்கும். மேளம் கேட்டால் குதிரை ஆடவேண்டும், நின்றால் சாட்டை என்பது முதலாளி சொல்லிக் கொடுத்த முறை. மேளம் ஓய்ந்த பிறகும் அடிக்குப் பயந்து வாயில் நுரை தள்ள ஆடும் குதிரைகளைப் பார்த்துப் பார்த்து, கண்ணாயிரம் தான் பழக்கிய குதிரைகளுக்கு மட்டும் தானாக ஒன்று சேர்த்திருந்தான். கண்ணைப் பொத்தி மூக்கில் ஊதினால் நின்றுகொள்ளலாம், அடி விழாது. குட்டியிலிருந்து கூடவே இருந்த கை என்றால்தான் குதிரை அதை நம்பும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. விற்ற குதிரை வாங்கியவர் வாசலுக்குப் போய்ச் சேரும்வரை, கயிற்றின் நுனி ஓட்டிப்போகிற ஆளின் மணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கவேண்டும். எப்போதோ ஒரு குதிரை கைநழுவி ஓடியதிலிருந்து வந்த ஏற்பாடு. முடிச்சை நாராயணசாமியே போடுவார், யாரும் ஒரு கையால் அவிழ்க்க முடியாத முடிச்சு.

மணலூர்பேட்டையில் ஒருவர் ஜோடியாக இரண்டு குதிரை வாங்கியிருந்தார். செவலைப் பெட்டையும் இந்த வெள்ளையும். நவராத்திரி வருகிறது, உடனே வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். லாரி ஓடாது. நடத்தியே கொண்டு போங்கள் என்றார் முதலாளி. அன்று விடிந்ததும் ராசு செவலையோடு கிளம்பியிருந்தான். மணிக்கட்டில் முடிச்சு விழும்போது, "பஸ்ஸு இல்ல, லாரி இல்ல. இன்னிக்கி ரோடே எனக்குத்தான்" என்று சிரித்தான். அவன் மனைவி பெரியநாயகி சிரிக்கவில்லை.

பத்து மணிக்கு ராசுவைக் கயிற்றுக் கட்டிலில் தூக்கிவந்தார்கள்.

தூக்கிவந்த நான்கு பேரும் மறியலில் உட்கார்ந்திருந்தவர்கள். வலது தொடையில் இரண்டு மூங்கில் பத்தை வைத்து, யாரோ தன் வேட்டியைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். ராசு பல்லைக் கடித்திருந்தான். முகம் சாம்பலாகக் கிடந்தது. நடந்ததை அவர்கள்தான் சொன்னார்கள். ரிஷிவந்தியம் போகிற கிளைச்சாலையில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். ராசு வந்ததும் வழி விட்டார்கள். மேளத்தைக் கேட்ட செவலை நடுரோட்டில் நின்று ஆட ஆரம்பித்துவிட்டது. கூட்டத்துக்குக் குஷி. இன்னும் வேகமாக அடித்தார்கள். ராசு நிறுத்தச் சொல்லிக் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அப்போது போலீஸ் வந்தது. கண்ணீர்ப் புகைக் குண்டு வெடித்தது. எல்லாரும் கம்பங்கொல்லைக்குள் ஓடினார்கள். குதிரை மட்டும் ஓடவில்லை. புகைக்குள் ஆடிக்கொண்டே இருந்தது.

"இவருக்கும் ஓட வழி இருந்துச்சி" என்றார் அவர்களில் மூத்தவர். "கயித்த அவுக்க முடியல. நான் அருவாளோட திரும்பறதுக்குள்ள குதிர அவர் மேலயே வுழுந்துடுச்சி."

ராசுவின் மணிக்கட்டில் அறுந்த கயிறு இன்னும் இருந்தது. முடிச்சு சதைக்குள் புதைந்திருந்தது.

ஆஸ்பத்திரி வண்டியை மறிக்கமாட்டோம், வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஏரிக்கரைத் தடத்தில் போனால் கள்ளக்குறிச்சி போய்விடலாம் என்று சொல்லிவிட்டு அந்த நால்வரும் வந்த வழியே ஓடினார்கள்.

நாராயணசாமி வந்தார். கட்டிலைப் பார்த்தார்.

"செவல எங்க?"

கயிறு அறுந்ததும் கொல்லைக்குள் ஓடிவிட்டது என்று பெரியநாயகி அழுதுகொண்டே சொன்னாள். ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் காலில் விழுந்தாள். அவர் காலை நகர்த்திக்கொண்டார். ரோட்டில் பஸ்ஸையே எரிக்கிறார்களாம், ஜீப்பைக் கொளுத்திவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்டார். ரெண்டு நாளில் எல்லாம் அடங்கும், அதுவரை பத்துப் போட்டு வைக்கச் சொன்னார். பிறகு கண்ணாயிரத்தைப் பார்த்துத் திரும்பினார். வெயில் சாய, மூன்று மணிக்கு வெள்ளையோடு அவன் கிளம்பவேண்டும். முடியாதென்றால் பொழுது சாய்வதற்குள் லாயத்துக்குப் பின்னால் இருக்கிற வீட்டைக் காலி செய்துவிடவேண்டும். வேற ஆள் வந்து குடியிருப்பான்.

கண்ணாயிரம் தலையாட்டினான்.

வீட்டுக்குள் வந்ததும் ஜெயம்மாள் அவன் கையைப் பார்த்தாள். முன்னங்கால் தூக்குகிற குதிரைக்கு முன்னால் அசையாத கை, இப்போது கைலி முடிச்சைக்கூடப் போடமுடியாமல் நடுங்கியது. போய்த்தான் ஆகவேண்டும், வீட்டை விட்டால் எங்கே போவது என்று அவன் சொன்னான். கொஞ்ச நேரம் கழித்து, "எந்த எடத்துல மோளம் அடிச்சிக்கினு இருக்காங்கன்னு தெரிஞ்சா சுத்திக்கினு போய்டலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஜெயம்மாள் எழுந்து முதலாளி வீட்டுப் பக்கம் நடந்தாள். கிணறுவரை போனாள். அதற்கு மேல் போகத் துணிவில்லை. திரும்பினாள். பக்கத்து வீட்டில் ராசு முனகுகிற சத்தம் கேட்டு மறுபடி போனாள். அதே கிணறு.  மறுபடி திரும்பினாள்.

மூன்றாவது தடவை அவள் போனது பெரியநாயகியிடம். "நீ வா. நீ ஒண்ணும் பேச வாணாம். கூட நில்லு, போதும்" என்றாள். பெரியநாயகி ராசுவின் தலைமாட்டில் சொம்புத் தண்ணீரை வைத்துவிட்டு எழுந்தாள். புல்லறுக்கிற இரண்டு பெண்களும் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு வந்தார்கள். கண்ணாயிரம் கடைசியில் வந்தான், தரையைப் பார்த்தபடி.

ஜீப் கொட்டகை முன்னால் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அங்கே டிரைவர் கொளஞ்சியப்பன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவன் முதலாளியின் ஆள். அவன் காதில் விழுகிற மாதிரி யாரும் எதுவும் பேசமாட்டார்கள். அவன் ஜெயம்மாளைப் பார்த்தான். ராசுவின் வீட்டுப் பக்கம் பார்த்தான். துடைக்கிற துணியை உதறினான். அதில் அழுக்கு இல்லாத பாதியைக் கிழித்து ஜீப்பின் முன்னால் கட்டினான். சாவியை எடுத்துக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் வந்து நின்றான். 

களத்தில் நாராயணசாமி கயிற்றோடு காத்திருந்தார். அத்தனை பேரையும் பார்த்ததும் புருவம் ஏறியது.

"கண்ணாயிரம், கைய நீட்டு."

கண்ணாயிரத்தின் கை தானாகவே மேலே வந்தது. ஜெயம்மாள் அதைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"அவர் போவமாட்டாருங்க."

"நீ யாருடி சொல்றதுக்கு?"

"ஜீப்பு போவாத ரோட்ல என் வூட்டுக்காரரு எப்பிடிங்க போவாரு?"

 அந்த வார்த்தை தன் வாயிலிருந்துதான் வந்தது என்பதே அவளுக்குப் பிறகுதான் உறைத்தது.  பெரியநாயகியின் தோள் அவள் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. 

முதலாளியின் மகன் தீனதயாளன் வந்தான். இந்த ஆட்களிடம் கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டாம், வெள்ளையை நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றான். கயிற்றை வாங்கி, தன் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளாமல் விரலில் பிடித்துக்கொண்டு லாயத்துக்குள் போனான். குதிரை அவனுக்கு அசையவில்லை. இழுத்தான், அதட்டினான், நகரவில்லை. சுவரில் மாட்டியிருந்த மேளத்தை எடுத்து நாலு தட்டுத் தட்டினான்.

வெள்ளை ஆட ஆரம்பித்தது. ஆடிக்கொண்டே களத்துக்கு வந்தது. தீனதயாளனுக்குச் சிரிப்பு, அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தான். மேளத்தை நிறுத்தினான். குதிரை நிற்கவில்லை. கயிற்றை இழுத்தான். குதிரை முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து அவனைச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போனது. சாட்டையை ஓங்கினான். அது தெரிந்ததும் ஆட்டத்தில் வெறி கூடியது. கல்லில் லாடம் மோதிப் பொறி பறந்தது. கழுத்து நனைந்து, வாயில் நுரை தள்ளியது. அவன் முதுகு சுவரில் முட்டியது.

"கண்ணாயிரம்" என்று நாராயணசாமி அலறினார். "நிறுத்துடா அத."

கண்ணாயிரம் ஜெயம்மாளைப் பார்த்தான். அவள் அவன் கையை விட்டாள். அவன் நடந்து போனான். சாட்டை ஓங்கிய கையை ஒதுக்கிவிட்டு, குதிரையின் கண்ணைப் பொத்தினான். மூக்கில் ஊதினான். "போதும்டா, போதும்." ஆட்டம் தளர்ந்து, நாலு காலும் தரையில் ஊன்றி, குதிரை நடுங்கிக்கொண்டு நின்றது. தீனதயாளன் சுவரோரமாக நழுவி வெளியே வந்தான். அவன் சட்டை முதுகில் கிழிந்திருந்தது.

கண்ணாயிரம் குதிரையைக் கொண்டுபோய்த் தடுப்புக்குள் விட்டுக் கொண்டியைப் போட்டான். கயிற்றைச் சுருட்டினான். அதை முதலாளியிடம் கொடுக்கவில்லை. தன் ஆட்களோடு வந்து நின்றான். இப்போது அவன் கை நடுங்கவில்லை.

"மொதல்ல ராசு ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றான். "அப்புறம் ஒண்ணு. இனிமே எவன் கையிலயும் கயிறு கட்டக் கூடாது. ரோடு தொறக்கற வரைக்கும் வெள்ளையும் போவாது."

நாராயணசாமி கொளஞ்சியப்பன் பக்கம் கையை நீட்டிச் சாவி கேட்டார். கொளஞ்சியப்பன் சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டான். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அவர் கை வெறுமனே நீண்டு நின்றது.

இன்று மாலைக்குள் அத்தனை பேரையும் வெளியே தள்ளுவேன் என்றார். செய்வார் என்று எல்லாருக்கும் தெரியும். தூரத்தில் இன்னொரு மரம் விழுந்தது. லாயத்தில் குதிரைகள் கனைத்தன. யாரும் நகரவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அதட்டினால் ஓடுகிற முகம் ஒன்றாவது அகப்படும் என்று தேடினார். கடைசியில் ஜெயம்மாளிடம் வந்து நின்றார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"ஒருத்தர் வந்து சொல்லியிருந்தா பேசித் தீத்திருக்கலாம் இல்ல? இன்னாத்துக்கு இத்தினி பேரு?"

அவள் பெரியநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"ஒருத்தரா வரதுக்குப் பயமா இருந்துச்சிங்க."