யாரம்பின் சாவடியின் ஒற்றை ஓட்டு

படுக்கையில் கிடந்த கணவனின் இடது கன்னத்தை மழித்து முடித்து, மெர்ல் கத்தியை வெந்நீரில் அலசினாள்.

"இன்னைக்கு எலெக்‌ஷன்தானே?" என்றான் லெஸ், கண்ணைத் திறக்காமல்.

"வாயை ஆட்டாதே, வெட்டிடும்."

"இந்தத் தடவை நீயும் பண்ணைக்காரங்க கட்சிக்கே போட்டுடு, மெர்ல். அந்தச் சிவப்புப் பேரு என்னோடவே போகட்டும்."

கத்தி நின்றது.

யாரம்பின் என்ற அந்த வட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் ஒரே முதலாளியின் ஆட்டுப் பண்ணை. போர் முடிந்ததும், தொழிலாளர் கட்சியான லேபரின் அரசு அதைத் துண்டு போட்டு, திரும்பி வந்த சிப்பாய்களுக்குக் கொடுத்தது. நிலம் கைக்கு வந்து, கம்பளிக்கும் விலை ஏறியதும், அத்தனை சிப்பாய்களும் பண்ணைக்காரர் கட்சிக்குத் தாவிவிட்டார்கள். ஊர்க்கூடத்து வாக்குச்சாவடியில் எப்போது எண்ணினாலும் லேபருக்கு ஒரே ஒரு ஓட்டு.

அது லெஸ்ஸுடையதுதான் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரோமம் கத்தரிப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்த வருஷம், மற்றவர்கள் கருங்காலிகளைக் கூட்டிவந்து வேலையை முடித்தார்கள். லெஸ்ஸின் ஆடுகள் மட்டும் மூட்டை சுமப்பவை போல ரோமத்தோடு அலைந்தன. அன்றிலிருந்து அவன் 'சிவப்பு லெஸ்'. ஆட்டுச் சந்தையில் கிண்டல். தீயணைப்புக் குழுவுக்குத் தலைவனாக்க மறுப்பு. சிரித்துக்கொண்டே போய்விடுவான்.

மெர்ல் கத்தரிப்புக்காரர் ஒருவரின் மகள். ஓட்டுச்சீட்டில் எந்தப் பெயருக்கு நேராக '1' என்று எழுதுகிறாள் என்று அவள் சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் இப்போது.

"நான் லேபருக்குப் போடலைன்னு எனக்குத் தெரியுமே."

அவன் சிரிப்பு இருமலாகி, களைப்பாகி, தூக்கமானது. வலது கன்னத்தில் நுரை காய்ந்தது. மதியத்துக்கு முன்பே மூச்சு அடங்கிவிட்டது.

மெர்ல் துண்டால் நுரையைத் துடைத்தாள். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனதும் காரை எடுத்தாள்.

கூடத்து வாசலில் பக்கத்துப் பண்ணைக்காரி வால் பாஸ்கோ கேக் விற்றுக்கொண்டிருந்தாள். "லெஸ் எப்படி இருக்கான்?"

"போயிட்டான், வால்."

"அடக் கடவுளே! அப்புறம் இங்க எதுக்கு வந்தே? ஓட்டுப் போடலைன்னு இன்னைக்கு உன்கிட்ட யாரு அபராதம் கேக்கப்போறா? வீட்டுக்குப் போ, நானும் வரேன்."

"போட்டுட்டுப் போறேன்."

நூலில் கட்டிய பென்சிலைப் பிடித்தபடி மறைப்புக்குள் வெகுநேரம் நின்றாள். பெட்டியில் லேபருக்கு ஒன்றும் விழாவிட்டால், ஊர் தலையாட்டிவிட்டு அந்தப் பெயரையும் அவனோடு புதைத்துவிடும். விழுந்தால், இத்தனை வருஷமும் அது யாருடைய ஓட்டு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவன் சவப்பெட்டியைத் தூக்கப்போகிறவர்களும் இவர்களே. கோடையில் அவள் புல்வெளி தீப்பிடித்தால் ஓடிவர வேண்டியவர்களும் இவர்களே.

பென்சில் முனை மொண்ணையாக இருந்தது. அழுத்தி எழுதினாள்.

இருட்டியதும் வாலும் அவள் கணவன் கோலும் ஆட்டுக்கறிப் பாத்திரத்தோடு வந்தார்கள். லெஸ்ஸை அதிகம் சீண்டியவன் கோல்தான். ஓட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு நேராக வந்திருந்தான். தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான்.

"மெர்ல்… இன்னைக்கும் லேபருக்கு ஒண்ணு விழுந்திருக்கு."

"விழுந்திருக்கும், கோல்."

அடுப்பில் கெட்டில் கொதித்தது. வால் கறிப் பாத்திரத்தை மேசையில் வைத்தாள்.

மெர்ல் வெந்நீரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். லெஸ்ஸின் வலது கன்னத்தில் நுரை தடவினாள். அங்கே வெளிச்சம் போதவில்லை.

பின்னாலேயே வந்த கோல், தொப்பியைக் கட்டில் கம்பியில் மாட்டிவிட்டு, மேசை விளக்கைத் தூக்கிப் பிடித்தான்.

"கொஞ்சம் இந்தப் பக்கம்," என்றாள்.

கோல் விளக்கைச் சாய்த்தான்.