நடைவழிப் பிளக்

அப்பாவின் கழுத்தில் தொங்கிய அவசர அழைப்புப் பொத்தானை அவள் மறுபடி அமுக்கினாள். அவளுடைய கைபேசி வாயே திறக்கவில்லை.

போன மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், அவள் வேலை முடிந்து வரும்வரை ஈரத்தரையிலேயே கிடந்தார். அன்றிலிருந்து அவள் லீவு. அந்த லீவும் நேற்றோடு தீர்ந்தது. மதிய ஷிப்டுக்குப் போயே ஆக வேண்டும். பொத்தான் வேலை செய்யாமல் அவரை எப்படித் தனியே விடுவது? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி அறைக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள்.

“எனக்கு எதுக்கும்மா இந்த மணி? நான் என்ன மாடா?” என்றார் அப்பா.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்கப்பா.”

எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விட்ட அண்ணனைப் போனில் பிடித்தாள்.

“உன் போனை அடிக்க வைக்கிறது கூடத்துல இருக்கிற பெட்டி. பொத்தானோட சிக்னல் அது வரைக்கும் எட்டாதுடி. நடைவழியில ஒரு பிளக் மாட்டியிருக்கேன்ல, அதுதான் வாங்கி அந்தப் பக்கம் தள்ளிவிடும். அதுல பச்சை லைட் எரியுதா பாரு.”

எரியவில்லை. சுவர் ஸ்விட்சே அணைந்திருந்தது. போட்டாள். பொத்தானை அமுக்கியதும் கைபேசி ஊரைக் கூட்டியது.

“யாருப்பா இதை அணைச்சது?”

“நான் கட்டிலை விட்டே இறங்கலை.”

பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டவளுக்கு வாசலில் மனசு கேட்கவில்லை. “அப்பா, இன்னொரு தடவை அமுக்குங்க!” சத்தமே இல்லை. திரும்பி ஓடினாள்.

அப்பா திறந்த கதவு வழியே நடைவழியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “இப்போ போறப்போ நீதான் அணைச்சிட்டுப் போனே. நான் பார்த்தேன்.”

சிறுமியாக இருந்தபோது, விளக்கை அணைக்காமல் அறையை விட்டு வந்தால் அப்பா அவளைத் திருப்பி அனுப்புவார். அப்படிப் பழகிய கை. நடைவழிப் பிளக்கிலிருந்தோ எந்த ஒயரும் எதற்கும் போகாது. சும்மா எரிகிற ஒன்றை அந்தக் கை விட்டுவைக்குமா?

வெட்கமும் ஆத்திரமுமாக ஸ்விட்சைப் போட்டு, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக டேப்பை ஒட்டினாள். சோதித்தாள். அடித்தது. கிளம்பினாள்.

பஸ்ஸிலும் நிம்மதி இல்லை. கைபேசி மடியில் சும்மா கிடந்தது. அப்பா நன்றாக இருந்தாலும் அது சும்மாதான் கிடக்கும், பச்சை அணைந்துபோனாலும் சும்மாதான் கிடக்கும். டேப் ஒட்டியது நன்றாக நினைவிருந்தும் தன் கையை அவளால் நம்ப முடியவில்லை.

கைபேசி அலறியது. பக்கத்துச் சீட்டுக்காரி திடுக்கிட்டாள். இவளுக்கு உயிரே போய்விட்டது. உடனே அப்பாவைக் கூப்பிட்டாள்.

“ஒண்ணும் இல்லம்மா.” அவர் குரல் இறங்கியிருந்தது. “நீ போனதும் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு. அன்னிக்கு விழுந்து கிடந்தப்போ கத்திக் கத்திப் பார்த்தேன், யாருக்கும் கேட்கலை. அதான், உனக்குக் கேட்குதான்னு அமுக்கிப் பார்த்தேன்.”

மாடு, மணி என்ற கிண்டலெல்லாம் எங்கே போயிற்றோ.

“கேட்குதுப்பா,” என்றாள். அழுகை வந்தது. “எப்போ தோணுதோ அப்போல்லாம் அமுக்குங்க.”

போனை வைத்த மறுநிமிடமே அது மறுபடி அலறியது.