கையெழுத்துக்கு மேலிருந்த இடம்

விடுதியில் சேர்ந்த அன்று வார்டன் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு படிவம் கொடுத்தார். ஓர் அறையில் தங்கும் இரண்டு பேரும் தங்களுக்குள் என்னென்ன விதிகள் என்று பேசி, எழுதி, கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். சண்டை வந்தால் மட்டும் அலுவலகத்துக்குக் கொண்டுவரலாம். விதியை மீறியவர் பழைய கட்டடத்துக்கு மாற வேண்டியதுதான். அங்கே ஒரே கூடத்தில் பத்துக் கட்டில்கள்.

என் அறைத்தோழியை நான் வாலு என்று கூப்பிட்டேன். அவளுக்கு நான் கதைப்பெட்டி. அவள் படிவத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னடி இது, கல்யாணத்துக்கு முன்னாடியே வக்கீல் வச்ச மாதிரி? நமக்குள்ள எதுக்கு விதி?"

"அப்ப என்ன எழுதறது?"

"ஒண்ணும் எழுதாதே. கையெழுத்து மட்டும் போடு. வெறும் தாள்தான் நம்ம விதி."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நான் படித்த மொழிபெயர்ப்பு நாவல்களில் நண்பர்கள் விரலைக் கீறி ரத்தம் தொட்டுச் சத்தியம் செய்வார்கள். எங்களுக்கு நீல மை. போட்டேன். தாளை அவள் தன் மேசை இழுப்பறையில் வைத்தாள்.

நான் கொஞ்சம் தொல்லை பிடித்த ஆள்தான். நாவலில் நல்ல வரி வந்தால் வாய்விட்டுப் படிப்பேன். ஈரத் துணியை நாற்காலி முதுகில் போடுவேன். அம்மா தினமும் மாலையில் போன் செய்வாள். எடுத்தால் அரை மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டாம் மாதம் ஒருநாள் எனக்கே கூச்சமாகிப் போனது.

"உனக்குத் தொந்தரவா இருக்கா? வெளிய போய்ப் பேசவா?"

"லூசு, போனைக் குடு." பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, உங்க பொண்ணு ஒழுங்காவே சாப்பிடறதில்லம்மா" என்று போட்டுக்கொடுத்தாள். அதற்கப்புறம் அம்மா முதலில் அவளைத்தான் விசாரிப்பாள். நான் வாசிப்பதைப் பாதியில் நிறுத்தினால், "அந்தக் கப்பல்காரன் செத்தானா இல்லையா, சொல்லித் தொலை" என்பாள்.

நான்காம் மாதம் வார்டன் கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் அந்தப் படிவம் இருந்தது. எங்கள் கையெழுத்துகளுக்கு மேலே, அவளுடைய சாய்ந்த எழுத்தில் மூன்று விதிகள். அறைக்குள் சத்தமாகப் படிக்கக் கூடாது. ஈரத் துணி உலர்த்தக் கூடாது. போனில் வெளியே போய்த்தான் பேச வேண்டும்.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா மேடம். ஆனா அப்ப இது வெறும் தாள்."

வார்டன் கண்ணாடியைக் கழற்றினார். "வெறும் தாள்ல யாராவது கையெழுத்துப் போடுவாங்களாம்மா? சரி, இதெல்லாம் நீ செஞ்சியா, இல்லையா?"

"செஞ்சேன் மேடம்."

நாளைக் காலைக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்.

வாலு கட்டிலில் உட்கார்ந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் படபடவென்று கொட்டித் தீர்த்தாள். அவளுடைய பள்ளித்தோழிக்குப் போன வாரம்தான் இங்கே இடம் கிடைத்ததாம். என் கட்டில் காலியானால்தான் அவள் இந்த அறைக்கு வர முடியுமாம்.

"எனக்கு வேற வழி தெரியலடி. பக்கத்துக் கட்டடம்தானே, தினம் வா. அம்மாகிட்ட நானே பேசறேன்."

கேட்கக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. தோழிக்காக அவசரத்தில் எழுதியிருக்கிறாள். ஒரு கெட்ட நாள், ஒரு கெட்ட காரியம். ஒரு மாதம் கழித்து மன்னித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

"எப்ப எழுதினே? நேத்தா?"

அவள் மறுபடி நகத்தைக் கடித்தாள்.

"சொல்லுடி."

"முதல் வாரமே எழுதி வச்சுட்டேன்" என்றாள் தரையைப் பார்த்து. "எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன். முனைகள் சேரவில்லை. உதறி மறுபடி மடித்தேன்.

"திட்டவாவது செய்டி" என்றாள்.

திட்டலாம்தான். எந்த நாளிலிருந்து ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை.