ஊர்ப் பலகை வரைக்கும்

"இதைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடு அஷீல். எனக்குப் போதும்," என்றான் ஃபிர்மின்.

கொட்டகையில் அவன் சைக்கிள், பின்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் டிரெய்னர் மேல் நின்றது. கண்பார்வை போன பிறகு மகள் வாங்கிக் கொடுத்த டிரெய்னர். மூன்றே வாரத்தில் உட்காரும் இடமெல்லாம் புண். களிம்பு பூசினான், மெத்தை வைத்த கால்சட்டையை மாற்றினான். நானும் சீட்டை ஏற்றி, இறக்கி, சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. நாற்பது வருஷம் ஞாயிறு தவறாமல் என்னோடு மிதித்தவன். சைக்கிளே உயிரென்று வாழும் எங்கள் பெல்ஜியத்து ஃபிளாண்டர்ஸ்காரன் அதையும் விட்டுவிட்டால் அவனிடம் என்ன மிஞ்சும்? இவன் மூலையில் முடங்கிவிடுவான் என்று பயமாக இருந்தது.

"அந்தக் காலப் பந்தய ஆளுங்க மாதிரி புண்ணுக்கு இதமா கால்சட்டைக்குள்ள மாட்டிறைச்சித் துண்டு வச்சுக்கோயேன்."

"எங்க வீட்டு நாய் சும்மா விடுமா?"

"சரி, கடைசியா ஒருதரம் ஏறு. பாக்கறேன்."

கால் மணி நேரம் பார்த்தேன். பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி இருந்தான். எங்கள் சைக்கிள் சங்கத்தில் சீட்டை விட்டு எழாதவனுக்குத்தான் மரியாதை. ஆனால் வெளியே மேடும் வளைவும் எங்களை எழுப்பிவிடும். இங்கே யார் எழுப்புவது? எழாமலே உட்கார்ந்தால் புண்ணாகாமல் என்ன செய்யும்? இத்தனை நாள் இது எனக்கு உறைக்கவில்லையே!

"மில்லுகிட்ட கல்லு ரோடு வருது. எந்திரிடா கிழவா!"

சிரித்துக்கொண்டே எழுந்தான். அடுத்து ரயில்வே கேட், சர்ச் வளைவு, பீட்ரூட் வயலோரத்து ஏற்றம். பழைய ஞாயிற்றுக்கிழமை வழி முழுவதையும் கத்தித் தீர்த்தேன். இடத்துக்கு இடம் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். முக்கால் மணி நேரம் போனதே தெரியவில்லை.

"வலிக்குதா?"

"தொணதொணக்காம வழியைச் சொல்லு."

கடைசியில் எங்கள் ஊர்ப்பெயர்ப் பலகை. ஞாயிறுதோறும் அதை யார் முதலில் தாண்டுவது என்று எங்களுக்குள் போட்டி. "பலகை தெரியுது!" என்றேன். எழுந்து நின்று வெறியோடு மிதித்தான்.

"எங்கடா இருக்கே?"

"உன் வலது பக்கம். முந்தப் போறேன்!"

"நீயா? ஜென்மத்துக்கும் முடியாது!"

முக்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண்ணீர் பொங்கியது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்கு வேண்டும் போலிருந்தது. அவனுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் துடைக்காமலே இருந்தேன்.

"நான்தானே ஜெயிச்சேன்?" என்றான் மூச்சு வாங்க.

"நீதான்டா."

"நாளைக்கும் வா. கொஞ்சம் எதிர்க்காத்தும் இருக்கட்டும்."