மாடிக்குப் போன அதிபர் அறை

தனுஷிகாவுக்குப் பிறந்ததிலிருந்தே கால்கள் சொன்னபடி கேட்பதில்லை. கைகளிலும் நடுக்கம் உண்டு. பென்சில் பிடித்தால் எழுத்துகள் கோட்டை விட்டு ஓடும். பேச்சும் நிதானமாகத்தான் வரும். ஆனால் மனக்கணக்கில் வகுப்பில் யாரும் அவளை முந்தியதில்லை. டயகம தேயிலைத் தோட்டத்தில் அவர்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழேயே பள்ளிக்கூடம். முதல் மூன்று வகுப்புகளும் கீழ்த்தளத்தில் இருந்ததால், அம்மா நாகலெட்சுமி காலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து அவளை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள்.

நாலாம் வகுப்பு மாடியில் இருந்தது.

பள்ளிக்கூடத் தலைமையாசிரியரான அதிபர் வீரபத்திரன் கெட்டவர் இல்லை. பயந்தவர். புது வருடம் பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று நாகலெட்சுமியை ஓரமாக அழைத்தார்.

"இங்க பாருங்கம்மா, புள்ள இன்னொரு வருசம் மூணாம் வகுப்புலயே இருக்கட்டும். மாடிப்படியில தூக்கிட்டுப் போயி ஏதாச்சும் ஆனா யாரு பதில் சொல்றது?"

"மூணாம் வகுப்ப அவ படிச்சு முடிச்சிட்டாளே சார்."

"அதுக்கு நான் என்னம்மா செய்றது? படி இருக்கே."

அன்று தனுஷிகா பழைய வகுப்பிலேயே, தன்னைவிடச் சிறிய பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "அதே... பாட்டு... பாடுனாங்கம்மா" என்று மட்டும் சொன்னாள். நாகலெட்சுமிக்கு அந்த மூன்று வார்த்தை போதுமாக இருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகாமல், அக்கரப்பத்தனை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனாள். விசேட கல்விக்குப் பொறுப்பான ஆசிரிய ஆலோசகர் கோசலா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். முழுக்கதையையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"இயலாமையக் காரணம் காட்டி ஒரு புள்ளையப் பள்ளிக்கூடத்துல ஒதுக்கக் கூடாதுன்னு நாட்டுல சட்டமே இருக்குங்க" என்றார் கோசலா. "அதிபரோட சண்டை போட வேணாம். எல்லாரும் உக்காந்து, இந்தப் புள்ளைக்கு என்னென்ன தேவைன்னு பேசி அவளுக்குன்னு ஒரு கல்வித் திட்டம் போடுவோம். நீங்களும் வரணும்."

"நானுங்களா? நான் வந்து என்னத்த டீச்சர் பேசப்போறேன்?"

"உங்களவிட அவளப் பத்தி யாருக்குத் தெரியும்? அவளையும் கூட்டிட்டு வாங்க. அவளப் பத்தித்தான பேசப்போறோம்."

வீட்டில் கணவன் சின்னராசாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஆபீசு வரைக்கும் போயிட்டியா? நாளைக்கு அதிபர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றான். ஆனாலும் கூட்டத்தன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவனே மகளின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

கீழ்த்தளத்தில் இருந்த அதிபர் அறையில் கூட்டம். அதிபர், கோசலா, நாலாம் வகுப்பு ஆசிரியர் மதுரன், தனுஷிகா, அவளுடைய அம்மா, அப்பா. மதுரன் இளைஞர். முதல் ஆளாக அவர்தான் பேசினார். "கை நடுங்குதுன்னா வாயால பதில் சொல்லட்டும், நான் எழுதிக்கிறேன். பரீட்சைக்கும் கூடுதல் நேரம் குடுப்போம். எனக்கு அவ வகுப்புல இருந்தாப் போதும்."

நாகலெட்சுமி தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள். "அவ பேசும்போது எல்லாரும் அவசரப்பட்டு மிச்சத்தச் சொல்லி முடிச்சிர்றாங்க சார். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்கிட்டாப் போதும்." கோசலா அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

எல்லாம் சரிதான், படிக்கு என்ன வழி? சாய்தளம் கட்டலாமா என்று பார்த்தார்கள். அந்தச் செங்குத்தில் கட்டினால் அது பஸ் ரோட்டில் போய்த்தான் முடியும் என்றார் அதிபர். பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் தினமும் தூக்கிக்கொண்டு போகலாமா என்றதும் தனுஷிகா பலமாகத் தலையாட்டி மறுத்தாள்.

கோசலா அவள் பக்கம் திரும்பினார். "நீ என்னம்மா நெனைக்கிற?"

மதுரன் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். தனுஷிகா அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பெரிய ஜன்னல், அகலமான கதவு, வாசலில் படியே இல்லை. பிறகு அதிபரைப் பார்த்தாள்.

"சாரு... மேல... போகலாமே. சாருக்கு... காலு... நல்லாத்தான... இருக்கு."

சின்னராசா பதறி எழுந்தான். "ஏய், வாய மூடு! சார், மன்னிச்சிக்கிங்க சார், சின்னப் புள்ள..."

வீரபத்திரன் தன் மேசையைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"நான் ஒரு வாரமா இந்த ரூம்புக்குள்ள உக்காந்துகிட்டு, இடத்துக்கு எங்க போறதுன்னு யோசிச்சிக்கிட்டிருக்கேன்!" என்றார். "சின்னராசா, புள்ளையத் திட்டாதீங்க. சனிக்கிழமை சிரமதானம் வைப்போம், எல்லாருமாச் சேந்து ரெண்டு ரூம்பு சாமானையும் தூக்கி மாத்திறலாம். நீங்கதான் நாலு பேரக் கூட்டிட்டு வரணும்."

சனிக்கிழமை நாலு பேர் இல்லை, லயமே திரண்டு வந்தது. இரும்பு அலமாரி படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே இருந்தவர்கள் "தூக்கு" என்க, கீழே இருந்தவர்கள் "இறக்கு" என்க, நடுவில் சின்னராசா அலமாரிக்கும் சுவருக்கும் இடையில் நின்று "யாராச்சும் ஒரு பக்கம் சொல்லுங்கடா!" என்று கத்தினான். அதிபர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தானும் ஒரு முனையைப் பிடித்தார். மேலே இருந்து மேசைகளும் கரும்பலகையும் கீழே வந்தன. பெண்கள் தரையைக் கழுவிவிட்டார்கள். மத்தியானம் அதே மேசைகளில் ரொட்டியும் கட்டச்சம்பலும் பரிமாறப்பட்டன. அதிபருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்ட சின்னராசா, அன்று முழுதும் அந்த அலமாரிக் கதையையே பேசிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை தனுஷிகா நாலாம் வகுப்புக்குள் போனாள். கதவுக்கு நேர் எதிர் மேசைதான் நாற்காலி திரும்ப வசதியாக இருந்தது. மதுரன் அதையே அவளுக்குக் கொடுத்தார். பெருக்கல் வாய்ப்பாடு கேட்டபோது மற்றப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்க அவள் கையை உயர்த்தினாள். வகுப்பு காத்திருந்தது. முதலில் அது அவர்களுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்த நிலக்ஷி தன் வாயைத் தானே கையால் பொத்திக்கொண்டாள். பதில் சரியாக வந்ததும் கையை எடுத்து, "சரி சார்! சரி!" என்று கூவினாள்.

ஒரு விஷயத்தை மட்டும் திட்டம் போட்ட யாரும் யோசிக்கவில்லை. பல வருடப் பழக்கத்தில், அதிபரைத் தேடி வந்தவர்கள் எல்லோரும் நேராக நாலாம் வகுப்புக் கதவைத் தட்டினார்கள். பிறப்புச் சான்றிதழோடு வந்த தகப்பன்மார், புத்தகப் பொதி கொண்டுவந்த லொறிக்காரர், பால்மா விற்க வந்தவர். கதவுக்கு நேரே தனுஷிகா இருந்ததால் எல்லோரும் அவளைத்தான் கேட்டார்கள். பதில் சொல்லும் வேலை அவளுடையதாகிவிட்டது.

முதல் தவணைப் படிப்பு முடியும் சமயம் வலயத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். சிங்களவர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும். கதவைத் திறந்து, "அதிபர் எங்க?" என்றார்.

"அதிபர்... மாடிக்கு..." என்று தனுஷிகா தொடங்கினாள்.

"ஆ, மாடி! சரி, சரி" என்று அவர் திரும்பப் போனார்.

"சார்!" என்று முழு வகுப்பும் ஒரே குரலில் கத்தியது. அதிகாரி திடுக்கிட்டு நின்றார். நிலக்ஷி எழுந்து மிக மரியாதையாக, "அவ இன்னும் சொல்லி முடிக்கல சார்" என்றாள்.

மதுரன் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கரும்பலகையை அழிக்கத் தொடங்கினார். அதிகாரி ஒரு கணம் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, தனுஷிகாவின் மேசைக்கு முன்னால் நின்று, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க மகள்" என்றார்.

"மாடிக்கு... போயிட்டாங்க. ஆனா... இப்ப... அங்க... இல்ல. பின்னால... தோட்டத்துல... லீக்ஸ்... செடிக்கு... தண்ணி... ஊத்துறாங்க."

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். "ஸ்தூதி, நன்றி மகள்! இல்லாட்டி நான் சும்மா மேல ஏறியிருப்பேன்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். தனுஷிகா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, பாதியில் விட்ட கணக்கை மதுரனிடம் சொல்லத் தொடங்கினாள்.